மீட்டர்காரருக்கு முன்னால் வந்தவர்

"உங்களுது திங்கக்கிழமையே முடிஞ்சுதே சார்" என்றாள் பென்ஷன் அலுவலகத்து அம்மாள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தனக்குப் பின்னால் நிற்கிறவரிடம் சொல்கிறாள் என்று நினைத்து மீட்டர்காரர் ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எது முடிஞ்சுது?"

"நீங்க உயிரோட இருக்கீங்கங்கறது."

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, அதற்கென்று ஒதுக்கிய மாதத்தில், நேரில் போய்த் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். ஒரு மனிதன் மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி எதிரே வந்து நின்றால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை என்று நமக்குத் தோன்றும். அலுவலகத்துக்கு அப்படித் தோன்றுவதில்லை. அதற்கு ஒரு கையெழுத்தும் ஒரு கட்டைவிரலும் வேண்டும். அவை இரண்டும் வந்து சேர்ந்துவிட்டால் ஆள் வந்தாரா என்பது இரண்டாம்பட்சம்.

"நான் இன்னிக்குத்தாம்மா வர்றேன். இன்னிக்கு வியாழக்கிழமை."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "பாருங்க. திங்கக்கிழமை, பதினொன்னு இருபது. இது யாரு கையெழுத்து?"

அவருடையதுதான். முதல் எழுத்தின் வயிற்றைத் தொந்தி போல வளைத்து, கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து விட்டிருந்தது. அப்படிப் போடுகிற ஆள் உலகத்தில் இன்னொருவர் இல்லை என்று அவர் ஐம்பது வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ரேகை?"

"அதைத்தானே அன்னிக்கு உங்ககிட்ட சொல்லிச் சிரிச்சேன்! போன வருஷம் உங்க கட்டைவிரலைப் பதினாலு தடவை துடைச்சுத் துடைச்சு அழுத்தினோம். இந்த வாட்டி ஒரே அமுக்குல விழுந்துச்சு. 'என்ன சார், புது விரல் வாங்கிட்டீங்களா'ன்னு கேட்டேன். நீங்களும் சிரிச்சீங்க. மறந்துட்டீங்களா?"

மீட்டர்காரர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். முப்பத்துநான்கு வருடம் இரும்பு மூடிகளை நெம்பித் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்து, ரேகையெல்லாம் போய்விட்ட விரல். பாதி கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்றிருந்தது. திங்கட்கிழமையும் அப்படித்தான் இருந்திருக்கும். தவிர, திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு அவர் பம்பு ரோட்டில் ஒரு குழாய் உடைந்து தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பார்த்துக்கொண்டு நின்றதோடு விடவில்லை, புகார் எண்ணுக்குப் போன் போட்டு நேரம், இடம் எல்லாம் சொல்லியிருந்தார். எதிர்முனையில் இருந்தவர் நன்றிகூடச் சொல்லவில்லை. அதனாலேயே அது நன்றாக நினைவில் இருந்தது.

"அது நான் இல்லைம்மா" என்றார்.

அந்த அம்மாள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். பக்கத்து மேசையைப் பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"சார், நல்ல மனுஷர்ங்கறதால சொல்றேன், கேட்டுக்குங்க. அது நான் இல்லைன்னு நீங்க சொன்னா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். ஆள்மாறாட்டம்னு பேர் வெச்சு விசாரணை வரும். பொறந்த சான்றுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொண்டாம்பாங்க. முடியற வரைக்கும் பென்ஷன் நிக்கும். போன தடவை ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் இழுத்துச்சு. விசாரணை முடியறதுக்குள்ள அவர் முடிஞ்சுட்டார்."

"வேற வழி?"

"நான்தான் வந்தேன், ஞாபகம் இல்லாம மறுபடி வந்துட்டேன்னு இந்தப் பதிவேட்டுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். பட்டியல் இருபத்தஞ்சாம் தேதி மூடுறாங்க. அன்னிக்குக் காலைல வரைக்கும் நான் இதைத் தொடலை. யோசிச்சுட்டு வாங்க."

யோசிப்பதற்குப் பதினொரு நாள் இருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடிநீர் வாரியத்தில் மீட்டர் படிக்கிற வேலை. பன்னிரண்டு தெருக்களில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. 'மீட்டர்காரர் வந்திருக்கார், நாயைப் பிடி' என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் மீட்டர்காரர்தான். முள் பொய் சொல்லாது, வீட்டுக்காரர்தான் சொல்லுவார் என்பது அவர் தொழிலில் கற்ற ஒரே தத்துவம். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இணைப்பு செத்தவர் பெயரில் இருக்கும். பெயரை மாற்றினால் புதிதாக முன்பணம் கட்ட வேண்டும் என்பதால் யாரும் மாற்ற மாட்டார்கள். 'ஐயா இருக்காரா?' என்று கேட்டால் சுவரில் படமாக மாட்டியிருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே 'இருக்கார்' என்பார்கள். அவரும் எழுதிக்கொண்டு வருவார். செத்தவர்கள் மாதாமாதம் ஒழுங்காகத் தண்ணீர் செலவழித்தார்கள். உயிரோடிருப்பவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

அவருக்கு இரண்டு வயது உண்டு. சான்றிதழ்படி எழுபத்துநான்கு. உடம்புப்படி எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா எதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஐம்பத்தைந்து வயதிலேயே ஐம்பத்தெட்டு என்று சொல்லி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'மூணு வருஷச் சம்பளத்தை அப்பா தின்னுட்டார்' என்று சில நாளும், 'மூணு வருஷம் முன்னாடியே பென்ஷன் வாங்கிக் குடுத்த மகராசன்' என்று சில நாளும் சொல்லுவார். அன்றைய ரத்த அழுத்தத்தைப் பொறுத்தது அது.

வீட்டில் இரண்டே பேர். மனைவிக்கு முழங்காலில் வலி, அவருக்கு நெஞ்சில் அழுத்தம். இரண்டுக்கும் மாத்திரை, வாடகை, சாப்பாடு எல்லாம் அந்தப் பென்ஷனில்தான். மகள் கடல் தாண்டி இருந்தாள். போன பிறந்த நாளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். அதற்கப்புறம்தான் அழுத்தம் ஏறியது என்பது மனைவியின் கட்சி.

அன்று மதியம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "என்னங்க இது, பாதிக் கதையில எழுந்து போயிட்டீங்க? அப்புறம் அந்தப் பெட்டியை யார் திறந்தாங்க?"

"எந்தப் பெட்டி?"

"தானியப் பெட்டிதான். புயல் அடிச்சுக் கூரை பறந்தப்ப உங்கம்மா உங்களைத் தூக்கி உள்ள வெச்சு மூடினாங்கன்னு சொன்னீங்களே." அவள் வெண்டைக்காயின் காம்பை நறுக்கிக்கொண்டே பேசினாள். "உள்ள ஆட்டுக்குட்டி ஒண்ணு இருந்துச்சாம், அதோட நெஞ்சு உங்க முதுகுல படபடன்னு அடிச்சுச்சாம். கேட்டுக்கிட்டிருந்த எனக்கே மூச்சு முட்டிப்போச்சு. நல்ல இடத்துல நிறுத்திட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க."

மீட்டர்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இது எப்ப?"

"இப்பத்தான். பதினோரு மணிக்கு மேல."

பதினோரு மணிக்கு அவர் பென்ஷன் அலுவலகத்துப் படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் இதுக்கு முன்னாடியும் கதை சொல்லியிருக்கேனா?"

"நடக்கப் போக ஆரம்பிச்சதிலேர்ந்து தினமும்தானே? அரை மணி நடந்துட்டு வந்து உட்காருவீங்க, டீ குடிப்பீங்க, கதை சொல்லுவீங்க, திரும்ப நடக்கப் போயிடுவீங்க. நாப்பத்தாறு வருஷமா வாயில பூட்டுப் போட்டிருந்த மனுஷன். டாக்டர் நடக்கச் சொன்னாரே, நடந்தா வாய் திறக்கும்னு அப்பவே தெரிஞ்சிருந்தா கல்யாணமான மறுநாளே துரத்தி விட்டிருப்பேன்."

நடக்கச் சொன்னது போன மாதம். காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். இவர் தன் பழைய வேலை நேரப்படி பத்தரை மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்குத் திரும்பினார். இடையில் வீட்டுக்கு வந்ததே இல்லை.

கிராமத்தைப் பற்றி அவர் பேசாததற்குக் காரணம் எளிது. ஆறு வயதில் அங்கிருந்து கிளம்பியாயிற்று. நினைவில் நிற்பது காலில் வந்த சொறியும் குளத்து அட்டையும்தான். அந்த ஊர் அழகு, காற்று என்று யாராவது ஆரம்பித்தால் அவர் காலைத்தான் சொறிந்துகொள்வார். தானியப் பெட்டி நினைவில்லை. ஆட்டுக்குட்டி நினைவில்லை. வீட்டில் புயலைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறார். அது அவர் பிறப்பதற்கு முன்னால் அடித்த புயல்.

எழுந்து போய் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டைத் திறந்தார். தினமும் காலை ஆறு மணிக்கு அளந்து எழுதுவார். நூற்று அறுபதுக்கு நூறு. நூற்று அறுபத்தைந்துக்கு நூறு. பழக்கத்தில் புரட்டிப் பார்க்காமல் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு மூடுகிறவர் அன்றுதான் பின்னால் போனார். அந்தத் திங்கட்கிழமை ஒன்றைத் தவிர ஒவ்வொரு நாளின் கீழேயும் இன்னொரு வரி இருந்தது. பதினொன்று பத்து: நூற்று இருபதுக்கு எண்பது. பதினொன்று பத்து: நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தெட்டு. அவருடைய கையெழுத்து. அவர் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார், ஒன்றோடு குழம்பாமல் இருக்க. மீட்டர் படிக்கிறவர்கள் போடுகிற கோடு அது. ஏழுக்கெல்லாம் கோடு இருந்தது.

இன்றைக்கும் எழுதியிருந்தது. மை காய்ந்திருந்தது.

பேயைவிட மறதிதான் வயதானவர்களுக்குப் பெரிய பயம். தனக்குப் புத்தி பிசகிவிட்டது, தானே வந்து பேசிவிட்டுத் தானே மறக்கிறோம் என்று அவர் முடிவு கட்டினார். அது கெட்ட செய்திதான் என்றாலும் கணக்குச் சரியாக வந்தது. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

டாக்டர் இளைஞர், நல்ல மாதிரி. இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார். மீட்டர்காரர் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று ஆரம்பித்து, டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சரிபார்ப்பதற்குள் இரண்டில் வந்து நின்று, "இதுக்குக் கீழே போகணுமா?" என்று கேட்டார்.

"ஐயா, உங்க மூளைக்கு ஒண்ணும் இல்லை. என்னுதைவிட நல்லா ஓடுது" என்றார் டாக்டர். பிறகு நோட்டைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பக்கம் புரட்டப் புரட்டச் சிரிப்புக் குறைந்தது.

"ஆறு மணிக்கு இருக்கறவர் எந்நேரமும் சாய்ஞ்சுடலாம். பதினோரு மணிக்கு இருக்கறவர் நூறு வயசு இருப்பார். ரெண்டும் ஒரே உடம்பா?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

டாக்டர் நோட்டை மூடினார். விளங்காததை விளக்குவது அவர் தொழிலில் ஒரு கடமை. "காலைல பதற்றம். பதினோரு மணிக்கு மனசு லேசாயிடுது. அப்ப என்ன செய்றீங்களோ அதையே நாள் பூரா செய்யுங்க. பதினோரு மணி ஆள் மாதிரி இருக்கப் பாருங்க" என்று சொல்லி, ஆறு மணி ஆளுக்கு இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவள், அவர் குழந்தையாக இருந்ததைப் பார்த்தவர்களில் உயிரோடிருக்கும் ஒரே ஆள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மகன் வீட்டின் பின்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வா சின்னவனே" என்றாள். வீட்டில் அவரைக் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான். சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லி அம்மாகூட அவரை அழைத்ததில்லை. "என்னடா, முகத்துல ரத்தமே இல்லை? பென்ஷனை நிறுத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லை. அக்கா, நம்ம வீட்டுல தானியப் பெட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"புயலன்னிக்கு அம்மா யாரையாவது அதுக்குள்ள வெச்சு மூடினாங்களா?"

அக்கா முழுவதுமாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர் மனைவியிடம் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். கூரை, இருட்டு, முதுகில் அடித்த ஆட்டுக்குட்டியின் நெஞ்சு. சொல்லி முடிப்பதற்குள் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தொரு வயதுக்கு அது பலமான பிடி.

"யார்டா சொன்னது உனக்கு?"

"ஏன்?"

"குட்டியை உள்ள விட்டது நான். அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா தோலை உரிச்சிருப்பார். இத்தனை வருஷத்துல ஒரு ஈ காக்காகிட்டகூட நான் சொன்னதில்லை. தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான்."

"இன்னொண்ணு?"

"பெட்டிக்குள்ள இருந்தவன்."

அதற்கப்புறம் அவள் சொன்னதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அவருக்கு முன்னால் ஒருவன் பிறந்திருந்தான். மூன்று வருடம் மூத்தவன். ஒன்றரை வயதிலேயே கிளி மாதிரி பேசுவான். வீட்டுக்கு வந்தவர்களை எழுந்து போகவிடாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுவான். புயலுக்கு அடுத்த மாதம் மூன்று நாள் காய்ச்சல். போய்விட்டான்.

"சாவை எழுதி வெக்க ஒரு நாள் நடந்து போகணும். அப்பா போகலை. போனா நெஜமாயிடும்னு நினைச்சாரோ என்னமோ. அப்புறம் நீ வந்த. உன் பொறப்பையும் எழுதலை. பள்ளிக்கூடத்துல சான்று கேட்டாங்க. வீட்டுல இருந்தது ஒரே ஒரு சான்றுதான். அதைக் குடுத்துட்டு வந்துட்டார்."

"அப்ப என் பேரு?"

"அவன் பேரு. அவன் தேதி. உனக்குன்னு தனியா ஒண்ணு எழுதலைடா. காகிதத்துல பார்த்தா அவன் சாகவே இல்லை. நீ பொறக்கவே இல்லை."

பஸ்ஸில் திரும்பும்போது மீட்டர்காரர் விசாரணையை மனதுக்குள் நடத்திப் பார்த்தார். ஆள்மாறாட்டம் செய்தவர் யார் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை வந்தவர் தன் பெயரைச் சொல்லி, தன் விரலை வைத்து, தான் உயிரோடிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதில் குற்றம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், பென்ஷன் என்று அறுபத்தைந்து வருடமாக இன்னொருவர் பெயரில் நடமாடிக்கொண்டிருப்பது இந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற கிழவர். அவருக்கு வேர்த்தது. பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள்.

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. யார் வருகிறார் என்று பார்த்துவிடுவது என்று வாசலைப் பார்த்த நாற்காலியில் பத்து மணிக்கே உட்கார்ந்தார். கதவைத் தாழிட்டார். பிறகு, வருகிறவர் எப்படி வருவார் என்று தோன்றித் தாழை எடுத்துவிட்டார். அதற்கப்புறம், ஏன் எடுத்தோம் என்று பயந்தார்.

பத்தே முக்கால். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. பதினொன்று. மனைவி சமையலறையிலிருந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. அன்று தலையை வாரி முடிந்திருந்தாள். பதினோரு மணிக்கு அவள் தலை வாரிக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருடத்தில் தெரியாமல் போன விஷயங்களில் அதுவும் ஒன்று.

"சொல்லுங்க" என்றாள்.

"எதை?"

"பெட்டியை யார் திறந்தாங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. வந்து உட்கார இடமில்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

"ஞாபகம் இல்லை" என்றார்.

அவள் காத்திருந்தாள். டீ ஆறியது. மெஷினின் பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினாள். பொத்தானை அமுக்கினாள். நூற்று எழுபது. அவள் எண்ணையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் தெரிந்தவர் என்று நினைத்துப் பேசப் போய், அருகில் வந்ததும் வேறு யாரோ என்று கண்டவள் போலப் புன்னகையைச் சுருட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு நடக்கப் போகலையா?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"இல்லை, நடந்தா நல்லதுன்னாரே டாக்டர்."

எத்தனையோ வீட்டு வாசலில் அவர் நின்றிருக்கிறார். சீக்கிரம் கிளம்பு என்பதை மரியாதையாகச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்த எட்டு நாளும் அவர் ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல் பத்தரைக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்குத் திரும்பினார். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். பெட்டியை அக்கா திறந்தாளாம். குட்டி முதலில் குதித்ததாம். நோட்டில் பதினொன்று பத்து வரி தவறாமல் விழுந்தது. நூற்று இருபதுக்குக் கீழேதான்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் அவர் பென்ஷன் அலுவலகத்துப் படி ஏறினார். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கும்போது இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பார்த்தார். 'அது நான் இல்லை.' இது உண்மை, சொன்னால் அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை கிடையாது. 'நான்தான் வந்தேன்.' இது பொய், அறுபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது. ஒரு மனிதன் தன் வாழ்க்கை முழுவதையும் நடத்திய பொய்யை எழுபத்தொன்றாவது வயதில் விடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? மனைவியின் முழங்கால் பொய்யின் பக்கம் இருந்தது. அவள் தலை வாரிக்கொண்டதும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"நான்தாம்மா வந்தேன்" என்றார். "மறந்துட்டேன்."

"அப்பாடா" என்றாள் அந்த அம்மாள். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் சார்." பதிவேட்டைத் திறந்து இடத்தைக் காட்டினாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் அதைத் திரையில் இருந்ததோடு வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே?"

உண்மைதான். தொந்தி ஒடுங்கியிருந்தது, வால் நடுங்கியிருந்தது. இரண்டாவது முறை போட்டார். அது முதலாவதைப் போலவும் இல்லை.

"பழைய வருஷத்துதெல்லாம் பாருங்க. அன்னிக்குப் போட்டீங்களே, அதுதான் அச்சு அசலா இருக்கு. இப்ப போடறதுதான் யாரோ போட்ட மாதிரி இருக்கு." திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதைப் பார்த்துப் போடுங்க, தப்பில்லை. உங்களுதுதானே."

மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை வந்தவருடைய கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து, தொந்தியை வளைத்து, வாலை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கள்ளக் கையெழுத்து.

"இது சரி" என்றாள் அவள். முத்திரை குத்தினாள். "முதல் தேதி பணம் வந்துடும். இனிமே அடுத்த வருஷம்தான்."

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கீழே வந்ததும் ஒரு ஷேர் ஆட்டோவும் உடனே கிடைத்தது. தெருமுனையில் இறங்கி, வீட்டு வெளிக்கதவின் கொண்டியில் கையை வைத்தபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து.

ஜன்னல் திறந்திருந்தது. திரை போட்டிருந்தது. உள்ளே ஓர் ஆண் குரல் நிதானமாக, அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் வெளியே வரவில்லை. குரல் அவருடையதுதான், இருமல் இல்லாத அவருடைய குரல். மனைவி எங்கேயோ 'ம்' கொட்டினாள். பிறகு சிரித்தாள். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. எப்போது கேட்டோம் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

கொண்டியை ஓசைப்படாமல் விட்டார். உச்சி வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் குளிரெடுத்தது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார ஒரு பலகை உண்டு. போய் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்று வந்து நின்றது. அந்தத் தடத்தில் பல வருடமாக ஓடுகிற கண்டக்டர், தெரிந்தவர், படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மீட்டர்காரரே, ஏறலையா? வெயில்ல உட்கார்ந்து வத்தல் ஆகப் போறீங்களா?"

"நீ போப்பா. வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்கார். கிளம்பட்டும்னு இருக்கேன்."

"உங்க வீட்டுக்கு வந்தவருக்கு நீங்க வெளிய உட்கார்றதா? நல்ல கூத்து! யாரு, சொந்தமா?"

மீட்டர்காரருக்கு அது இதுவரை சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை.

"அண்ணன்" என்றார்.

"அப்ப சரி" என்று கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போயிற்று. பன்னிரண்டாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.